பின்பிரேக் பிடித்த பிடி

தையல்காரருக்கு எதுவும் தொளதொளவென்று இருந்தால் ஆகாது. கடைக்கு வந்த சட்டையானாலும் சரி, வீட்டுக் கொடிக்கயிறானாலும் சரி, ஒரு பிடி இறுக்கினால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும். அப்பேர்ப்பட்டவரின் மோட்டார் சைக்கிள்தான் அன்று காலை நடுரோட்டில் பின்சக்கரம் சுற்றமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது.

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறங்கி மணி பார்த்தாள். பத்து பத்து. பதினோரு மணிக்கு அவளுக்கு வண்டி ஓட்டும் தேர்வு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடமாகச் சீட்டு எழுதியவளை, வண்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தேறிய சீட்டைக் காட்டாவிட்டால் அந்த வேலை அடுத்தவருக்கு.

தையல்காரர் வண்டியைத் தள்ளினார். சக்கரம் உருளாமல், ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு போட்டபடி இழுபட்டது. வண்டி செய்த கம்பெனியைத் திட்டினார். போன வாரம் பெய்த மழையைத் திட்டினார். கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. சக்கரத்தின் நடுவில் விரலை வைத்தவர், "ஸ்" என்று இழுத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"அண்ணே, ஊத்தாதீங்க. இந்தச் சூட்டுல விரிசல் விட்டுரும்." எதிர்ப்பக்க வெல்டிங் கடைக்காரர் எழுந்துகூட வரவில்லை. "யாரோ பின்பிரேக்கை ஏகத்துக்கு முறுக்கி வச்சிருக்காங்க. தளர்த்திட்டு ஆற விடுங்க."

அந்த 'யாரோ' பாட்டில் மூடியைத் திருகுவதில் மும்முரமானார்.

மனைவி ஸ்பானரை எடுத்துக்கொண்டு குந்தினாள். பிரேக் கம்பியின் நுனியில் இருந்த நட்டைத் திருப்பத் திருப்ப வாய்க்குள் எண்ணினாள். பிறகு ஸ்பானரால் ஒரு தட்டு. 'டக்'கென்று பிடி விட்டது. காலால் பெடலை அமுக்கிப் பார்த்தாள்.

"நாலரைச் சுத்து" என்றாள்.

"இருக்கும் இருக்கும்."

"நான் வண்டி கத்துக்கிட்டது ஒம்பது நாள். ராத்திரிக்கு அரைச் சுத்தா?"

தையல்காரர் வெல்டிங் கடைக்காரரைப் பார்த்தார். அவரோ நாற்காலியை இந்தப் பக்கமே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி இழுக்குதுன்னு தினமும் சொன்னேனே. புது ஆளுக்கு அப்படித்தான் இருக்கும்னீங்க."

"நீ விழுந்துட்டா என்ன பண்றது? பிரேக் இறுக்கமா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்." பாட்டில் மூடியை மறுபடி ஒரு திருகு திருகினார். "காலைல உன்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுற அந்த இருபது நிமிஷம்தான் நாம பேசிக்கிறதே. அதுவும் போயிடுமேன்னு இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. "இதை வாயால சொல்லியிருக்கலாம். நட்டுகிட்ட சொல்லணுமா?"

இருபது நிமிடம் கழித்துச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவரைப் பின்னால் உட்காரச் சொல்லி அவளே கிளப்பினாள். வழியெல்லாம் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

தேர்வுத் திடலில் எட்டு போட்டாள். மேடேறி இறங்கினாள். வெள்ளைக்கோட்டில் நூல் பிடித்தாற்போல் நிறுத்தினாள். அதிகாரி வண்டியைக் குனிந்து பார்த்தார்.

"பிரேக் கச்சிதமா இருக்கே. யார் வச்சது?"

"எங்க வீட்டுக்காரர்தான் சார். வண்டின்னா அவருக்கு உயிர்."

வேலிக்கு வெளியே நின்ற தையல்காரருக்குக் காது சுட்டது. பேசாமல் இருந்திருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும். மனம் கேட்கவில்லை.

"இல்ல சார். கெடுத்தது நான். வச்சது இவ."

அவள் தாளில் தேறியதாகக் குறித்த அதிகாரி, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு சார். பதினாலு வருஷமா."

"அதைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் அதிகாரி.