குளிர்ந்தால் சண்டை

ரப்பர் வாஷர் விற்பவரின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை முழுதாக மூடிக்கொண்டது. எறும்புத் தொல்லை பொறுக்காமல் முந்தின நாள் அவர் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, சாக்கடைத் துளை எல்லாவற்றையும் தன் கடைச் சரக்கால் அடைத்திருந்தார். விடிந்தபோது கதவு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. கடப்பாரையால் பெயர்த்த சுவர்ப் பூச்சு பறந்துபோய் மீண்டும் ஒட்டிக்கொண்டது.

உள்ளே அவரும் மனைவியும் பட்டினி கிடக்கவில்லை. பொருள் எதுவும் வெளியே போக வழியில்லாததால், காலையில் தின்ற சோறு மாலையில் அரிசியாகி டப்பாவுக்குத் திரும்பியது. சோப்பும் கரைந்து கரைந்து மறுபடி கட்டியானது. தூசுகூடப் போகாத அந்தச் சுவர் வழியே சூடும் சத்தமும் மட்டும் தாராளமாகப் போய் வந்தன, இரண்டும் பொருள் அல்ல என்பதால். ஆகவே சண்டை தெருவுக்கே கேட்டது.

பக்கத்துக் கட்டடத்தில் பேக்கரி நடத்தியவள் மனைவியின் தங்கை. பொதுச்சுவரில் காதை வைத்தாள்.

"என்னக்கா இன்னிக்கு?"

"உன் மாமாவையே கேளு. எறும்பு வரக் கூடாதுன்னு அடைச்சாராம். எறும்பெல்லாம் உள்ளேதான் இருக்கு."

"புதுசா ஒண்ணும் வரல இல்ல, அதைச் சொல்லு," என்றார் மாமா.

"கேட்டியா? கதவு திறக்கிற அன்னிக்கு நான் உன்கிட்ட வந்துடறேன். இவரு எறும்போட குடும்பம் நடத்தட்டும்."

அக்கா சொன்னால் செய்கிறவள். தங்கைக்கு மாமாவையும் பிடிக்கும். அந்தக் குடும்பம் உடைவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சண்டையின்போது சுவர் கொதித்தது. சூட்டைத் தணித்தால் சண்டையும் தணியும் என்று அவளும் தெருக்காரர்களும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற உள்ளே மாமியார், நாத்தனார், கல்யாணத்தன்று வராமல் போன கார் என்று புதுப்புது விஷயங்கள் கிளம்பின. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

விளங்கியது பேக்கரியில் தரை வேலை நடந்தபோதுதான். அங்கிருந்த பெரிய அடுப்பைத் தற்காலிகமாக அந்தச் சுவரோடு நகர்த்தி வைத்தார்கள். மூட்டிய கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் அடங்கியது. பிறகு மாமாவின் குரல், "தலை வலிக்குதா? பிடிச்சு விடட்டுமா?" அடுப்பை அணைத்தார்கள், கார் விவகாரம் திரும்பி வந்தது. மூட்டினார்கள், தலைவலித் தைலம் வந்தது. தங்கைக்குப் பிடிபட்டுவிட்டது. சமாதானம் சண்டையாகும்போது சூடு வெளிவருகிறது. அந்தச் சூட்டை நாம் எடுத்துக்கொண்டே இருந்தால், தட்டு காலியானதும் பரிமாறுகிறவர்போல அந்த வீடு மேலும் சண்டையைச் சமைத்துத் தரும். வெளியிலிருந்து சூட்டை உள்ளே தள்ளினால், அதை எங்காவது வைக்க வேண்டுமே என்று சண்டை அதை விழுங்கிச் சமாதானமாகத் திரும்பும். பெரிய சண்டைக்கு விறகு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

சில மாதங்கள் கழித்து அக்காவிடம் கதவைப் பற்றிக் கேட்டாள்.

"இப்ப எதுக்குடி? திறந்தா காத்து வந்து குளிரும்," என்றாள் அக்கா.

அடுப்பு அந்தச் சுவரோடே நிலையாக நின்றுவிட்டது. பேக்கரிக்கு விடுமுறை விடும் நாட்களில் மட்டும் அதில் கொஞ்சம் தணல் போட்டு வைக்க வேண்டும்.