லாவண்யாவின் அளவு

பொன்னம்மாளுக்கு ஒரு கொள்கை. இரண்டு மருமகள்களுக்கும் எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும். தீபாவளிக்குத் தறியில் ஒரே பாவில் நெய்து இறக்கிய பட்டுப்புடவைகள், ஒரே கடை வளையல்கள். ஆரணியிலேயே தன்னைப் போல நியாயமான மாமியார் கிடையாது என்று அவளே தெருவெல்லாம் சொல்லி வருவாள். அந்த நியாயம்தான் போன தடவை குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தபோது இளையவள் லாவண்யாவைப் பலி கேட்டது.

மூத்தவள் கண்ணகிக்குக் கருமுட்டை குறைவு. அதனால் ஹார்மோன் ஊசியை ஏற்றிப் போட்டார்கள், பிள்ளையும் பிறந்தது. லாவண்யாவுக்கு நேரெதிர், சினைப்பையில் கருமுட்டை மண்டிக் கிடக்கிற உடம்பு. போன தடவை பொன்னம்மாள் கூட்டிப்போன கிளினிக்கில் அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே ஊசி, கண்ணகிக்குப் போட்ட அதே அளவு. பொன்னம்மாளுக்கு ஏக சந்தோஷம். லாவண்யாவோ வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். சிகிச்சையும் பாதியில் நின்றது.

இந்த முறை வேலூரில் வேறு டாக்டரம்மா. ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கினார். "உங்க உடம்பு எப்படி ஏத்துக்குதுன்னு பாத்துதான் ஏத்தறதும் எறக்கறதும். வீட்ல நீங்களா கூட்டிடாதீங்க. மறுபடி வீங்குனா நிறுத்திடுவேன்."

வீட்டில் முகங்கள் தொங்கின. "கண்ணகிக்குப் போட்டதுல பாதி கூட இல்லியே! ஊசியிலயுமா கஞ்சத்தனம்?" என்றாள் பொன்னம்மாள். பாயசத்தில் சர்க்கரை கூடினால் 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று முழங்குகிற அதே வாய்தான்.

மாலையில் புருஷன் ராஜ்குமார் ஃபிரிட்ஜிலிருந்து ஊசிப் பேனாவை எடுத்து, அடியில் அளவு வைக்கும் திருகைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டினான். லாவண்யா எண்ணைப் பார்த்தாள். அது அவளுடைய எண் இல்லை, கண்ணகியுடையது.

"இன்னாங்க இது?"

"அம்மா சொல்லிகினே இருந்துச்சு. கொஞ்சம் சேத்துப் போட்டா சீக்கிரம் ஆவும்னுதான்..."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவன் இவன்தானே! பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, மாமியாரும் கண்ணகியும் டிவி பார்க்கும் கூடத்துக்கே போய் நின்றாள்.

"அத்தை, ஒரே பாவுல எறக்குன புடவைதான். ஆனா அக்கா அளவுக்குத் தெச்ச ஜாக்கெட்டு எனக்கு ஏறுமா?"

"உன் நல்லதுக்குத்தானேம்மா. இந்த வாட்டியும் தங்கலைனா இன்னா பண்றது?"

"தங்கலைனாலும் நான் உசுரோட இருப்பேன். போன வாட்டி நானே போயிருப்பேன். அதை இந்த வீட்ல யாராவது ஒரு தபா சொன்னீங்களா?"

கண்ணகிதான் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினாள். "அவ சொல்றது சரிதான் அத்தை. எனக்குப் போட்டது என் உடம்புக்கு."

ஊசி போட எப்போதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிற லாவண்யா, அன்று கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்தாள். திருகைத் தன் எண்ணுக்குக் கொண்டுவந்தாள். வயிற்றில் குத்தி, நிதானமாக அழுத்தி எடுத்தாள். பேனாவை வாங்க ராஜ்குமார் கை நீட்டினான்.

"வேணாங்க. இது இனிமே என் கையிலயே இருக்கட்டும்."