நடைவழி திரும்பும் இடம்

வெள்ளிக்கிழமை காலை உனைசி கணினியைத் திறந்தபோது மூடப்படாத குறிப்புகள் நாற்பத்தேழு இருந்தன. மாலை நான்கு மணிக்குள் அத்தனையையும் மூடியாக வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் வரைபடத்தின் தலையில் 'கட்டலாம்' என்ற பச்சை முத்திரை விழாது. அது விழாவிட்டால் திங்கட்கிழமை பட்டறையில் மரச்சட்டம் அறுக்க மாட்டார்கள். சட்டம் இல்லாவிட்டால் தீவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் அக்டோபர் கடைசி பார்ஜ் காலியாகத்தான் போகும். புயல் மாதங்கள் வந்துவிட்டால் மே வரை எந்தப் பார்ஜும் கடாவு தீவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

கட்டப்போவது ஒரு தீவின் மருத்துவமனை. மூன்று அறையும் ஒரு பிரசவ அறையும். பழைய கட்டடத்தின் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில், பாயைத் தொங்கவிட்ட மறைப்புக்குப் பின்னால்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் பிறக்கின்றன.

ஆறு பேர், இரண்டு நாடு, ஒரே வரைபடம். அது யாருடைய கணினியிலும் இல்லை, கிளவுடில் இருக்கிறது. மூன்று பேர் தீவுநாட்டுத் தலைநகர் சுவாவிலும் மூன்று பேர் பிரிஸ்பேனிலும் உட்கார்ந்து அதன்மேல் கைவைக்கிறார்கள். யாருக்கு எங்கே சந்தேகம் வந்தாலும் அந்த இடத்தைச் சுற்றி ஒரு மேகம் வரைந்து குறிப்பு எழுதுவார்கள். யாராவது பதில் போட்டு அதை மூடுவார்கள். சுவாக்காரர்களுக்கு மேகத்துக்கா பஞ்சம்? ஜன்னலுக்கு வெளியே ஒன்பது நாளாக ஒன்று நகராமல் உட்கார்ந்து பெய்துகொண்டிருந்தது. போதாதென்று திரைக்குள்ளும் நாற்பத்தேழு.

உனைசிக்கு ஐம்பத்திரண்டு வயது. படம் வரைய வந்து இருபத்தாறு வருடம். பெயருக்குத்தான் வரைவாளர், நாளுக்கு ஒரு மணி நேரம் வரையக் கிடைத்தால் அதிர்ஷ்டம். மிச்ச நேரமெல்லாம் பதில் போடுவதுதான் வேலை. 'குறித்துக்கொண்டோம்' என்று எழுதுவாள், மூடுவாள், அடுத்ததற்குப் போவாள். இந்தத் தொழிலில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரையே கட்டிவிடலாம். ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது. கேட்டவர் வாய் அடைபடும், சொன்னவர் கையும் சுத்தம்.

"எத்தனை அக்கா?" என்றான் எதிர் மேசை ரஜ்னில். கட்டடத்தின் பலத்துக்குக் கணக்குப் போடும் பொறியாளன்.

"முப்பத்தொண்ணு."

"காலைல நாப்பத்தேழு இருந்துச்சே. வேகமாத்தான் போட்டுத் தள்றீங்க."

"வாயைக் குறைச்சுக்கிட்டு உன் தூணைப் பாரு. ஒன்பது உன் பேர்ல நிக்குது."

"தூண் எங்கயும் ஓடிடாது அக்கா. சாயாவைக் குடிங்க, மூஞ்சி நாலு நாள் மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு."

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது, கண் எரிந்தது. பஸ்ஸில் நின்றபடியே தூங்கி நிறுத்தத்தைத் தவறவிட்ட நாளும் உண்டு.

பதினொன்றரை மணிக்கு வந்தது தீவிலிருந்து ஒரு குறிப்பு. எழுதியவர் அந்த ஊர் நர்ஸ், சிஸ்டர் நானிசே. கட்டடத்தில் வேலை செய்யப்போகிறவர் கருத்துச் சொல்லட்டும் என்று யாரோ நல்ல மனதோடு அவருக்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். அங்கே சிக்னல் கிடைப்பது குன்றின் உச்சியில் மட்டும். வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் அவர் முக்கால் மணி நேரம் ஏறியாக வேண்டும்.

'நடைவழி திரும்பும் இந்த இடத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியவில்லை. வீடியோ இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள்.'

உனைசியின் விரல் பழக்கத்தில் 'கு' என்று தட்டிவிட்டது. பிறகுதான் கண்ணில் பட்டது: திரும்ப முடியுமா என்று இல்லை, முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். கட்டாத கட்டடத்தில் இவர் எப்படித் திரும்பிப் பார்த்தார்?

வீடியோவைத் திறந்தாள். மழையில் இணையம் நொண்டி நொண்டி அதைக் கொண்டுவந்தது.

ஊர் ரக்பி மைதானம். புல்லில் முளையடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். கொஞ்சம் பார்த்ததும் புரிந்தது, அது அவள் வரைந்த படம். சுவர் இருக்குமிடத்தில் கயிறு, வாசல் இருக்குமிடத்தில் இடைவெளி, எல்லாம் முழு அளவில். நான்கு ஆண்கள் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவின்மேல் பள்ளிக்கூட டீச்சர், வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் படுத்திருந்தார்.

"கத்து டீச்சர், வலி வந்த மாதிரி கத்து!"

"நீங்க ஒழுங்காத் தூக்குங்கடா முதல்ல!"

நடைவழி திரும்பும் இடத்தில் கதவு மாட்டிக்கொண்டது. முன்னால் போனவன் கயிற்றைத் தாண்டி வெளியே கால் வைத்தான். "ஏய், சுவரைத் துளைச்சுட்டுப் போறியே!" என்று கூட்டம் கூச்சல் போட்டது. பின்வாங்கி, சாய்த்து, மறுபடி நுழைந்தார்கள். சாய்த்ததில் டீச்சர் வழுக்கிப் புல்லில் விழுந்தார். அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் மட்டும் சிரிக்காமல் சொன்னது: "இன்னிக்குத் தலையணை. அதனால சிரிக்கிறோம்."

உனைசி அந்தக் குறிப்பின் பழைய வரலாற்றைத் திறந்தாள். திறக்காமல் இருந்திருக்கலாம். மார்ச்சில் சிஸ்டர் நானிசே இதையே கேட்டிருந்தார். மே, ஜூலை, செப்டம்பரிலும் கேட்டிருந்தார். படம் புதிதாக மாறிய ஒவ்வொரு தடவையும் குன்றேறி வந்து, அதே மூலையில், அதே மேகம். நான்கு தடவையும் 'குறித்துக்கொண்டோம்' என்று பதில் போட்டு மூடியிருந்தார்கள். ஒன்றை மூடியது பிரிஸ்பேன். மூன்றை மூடியது உனைசி ரைசேலே. அவளுக்கு ஒன்றுகூட நினைவில்லை. கேவலமாக இருந்தது, தன்னை நினைத்தால் தனக்கே அசிங்கமாக இருந்தது.

ரஜ்னிலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான், டீச்சர் விழுந்தபோது சிரித்தான், பிறகு நிறுத்திவிட்டான்.

"பக்கத்துல இருக்கிற ஸ்டோர் ரூம் சுவரைத் தள்ளிட்டா?" என்றாள்.

"அது வெறும் தடுப்புச் சுவர்தான். கூரைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அறுநூறு மில்லிமீட்டர் தாராளமாத் தள்ளலாம். ஆனா அக்கா, ஒரு கோடு நகர்ந்தாலும் ஆறு பேரும் முதல்லேர்ந்து கையெழுத்துப் போடணும். போன தடவை எத்தனை நாள் ஆச்சு?"

பத்து நாள் ஆகியிருந்தது. ஒருவர் லீவு, ஒருவர் பாஸ்வேர்டை மறந்தார், ஒருவர் பார்க்கிறேன் என்று சொல்லிக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தார்.

பிரிஸ்பேனில் இந்த வேலையை மேய்ப்பவள் பிரான்வின். உனைசி அவளுக்கு போன் போட்டாள்.

"ஆயிரத்து இருநூறு மில்லி அகலம் இருக்கு, விதிப்படி சரி," என்றாள் பிரான்வின். "சக்கர ஸ்ட்ரெச்சர் அழகாத் திரும்பும். நானே பார்த்திருக்கேன்."

"அங்க சக்கரம் ஏது பிரான்வின்? படகுலேர்ந்து மணல்ல தூக்கிட்டு வரணும். கதவுதான் ஸ்ட்ரெச்சர்."

மறுமுனையில் ஒரு குழந்தை இருமும் சத்தம் கேட்டது. "உனைசி, என் பையனுக்குக் காய்ச்சல், வீட்லேர்ந்து வேலை பார்க்கிறேன். கையில மூணு கட்டடம். இப்ப மாத்தினா பார்ஜ் போயிடும், இது அந்த நர்ஸுக்குத் தெரியுமா? ஒண்ணு செய்யுங்க, அவங்ககிட்டயே கேளுங்க. இப்படியே கட்டினா சமாளிக்க முடியுமான்னு. அவங்களே மூடிட்டா யாருக்கும் பிரச்சினை இல்ல."

கேட்டால் நியாயமாகத்தான் பட்டது. களைத்துப்போனவர்களுக்கு எல்லாமே நியாயமாகப் படும். உனைசி எழுதினாள்: 'சிஸ்டர், வீடியோ பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. ஆனால் சுவரை மாற்றினால் இந்தப் பார்ஜ் தவறலாம். அடுத்தது மே மாதம். இப்படியே கட்டினால் சமாளிப்பீர்களா?' அனுப்பிவிட்டு மற்றக் குறிப்புகளைப் பார்க்கப் போனாள்.

மூன்று மணிக்கு ஒன்றே ஒன்று மிச்சம். மூன்று இருபதுக்கு அதுவும் பச்சையாக மாறியது. மூடியவர்: நானிசே. கீழே பதில்:

'சரி. நடைவழி அப்படியே இருக்கட்டும். பிரசவ அறை ஜன்னலை மட்டும் கொஞ்சம் தாழ்வாக வையுங்கள். தாய்மாரை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிடுவோம். கட்டடம் வந்தால் போதும். வினாகா, நன்றி.'

"ஸீரோ!" என்று ரஜ்னில் மேசையைத் தட்டினான். உள் அறையிலிருந்து அவர்களுடைய முதலாளி சகியூசா ஒரு புஜா மிக்ஸர் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே வெளியே வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

"முடிஞ்சுதா? கடவுள் இருக்கார். முத்திரையைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. ரெண்டு பேரும் சவம் மாதிரி இருக்கீங்க."

உனைசி எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிடுவோம் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில், வலியோடு இருக்கிற ஒருத்தியை, மூட்டை மாதிரி. அதற்கும் கூட வினாகா.

இருபத்தாறு வருடத்தில் அவள் பெயரில் ஒரு குறிப்புகூட எழுந்ததில்லை. மற்றவர்கள் கேட்பார்கள், அவள் மூடுவாள். எழுப்பும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக்கூடத் தேட வேண்டியிருந்தது. நடைவழியின் மூலையைச் சுற்றி ஒரு மேகம் வரைந்தாள். 'ஆளைத் தூக்கிக்கொண்டு இங்கே திரும்ப முடியாது. ஸ்டோர் ரூம் சுவரை 600 மில்லி தள்ள வேண்டும். அதுவரை மூட மாட்டேன். உனைசி ரைசேலே.'

மேலே இருந்த பூஜ்யம் ஒன்றாக மாறியது.

"யாரது?" என்றார் சகியூசா, வாயில் புஜாவோடு. "யாருடா இப்ப வந்து ஒண்ணை எழுப்பறது?"

"நான்தான் பாஸ்."

அவர் அவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வீடியோவை முழுக்கப் பார்த்தார். "என் அக்காவைக் கதவுலதான் தூக்கிட்டு வந்தாங்க," என்றார். "என் கையெழுத்து எங்க போடணும்?"

சுவரை மாற்றச் சம்மதம் என்று ரஜ்னில் அந்தக் குறிப்பின் கீழே ஏற்கெனவே போட்டிருந்தான்.

அதற்குள் போன் அடித்தது. பிரான்வின்.

"என்ன பண்றீங்க உனைசி? இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு. அந்த நர்ஸே ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கு என்ன?"

"அவங்க ஒத்துக்கல."

"மூடியிருக்காங்களே, பேர் இருக்கே."

"களைச்சுப் போயிட்டாங்க பிரான்வின். அஞ்சு தடவை குன்றேறி வந்து கேட்டாங்க. மூணு தடவை அதை மூடினது நான். ஒத்துக்கறது வேற, களைச்சுப்போறது வேற. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

மறுமுனையில் பையன் மறுபடி இருமினான். பிரான்வின் அவனிடம் ஏதோ சொல்லிவிட்டு வர நேரமானது. வந்தபோது குரலில் ஒரு சத்தும் இல்லை.

"எத்தனை மில்லி?"

"அறுநூறு."

"கெடுவை ஆறு மணி வரைக்கும் தள்றேன். அதுக்கு மேல என்னால முடியாது. இங்க இருக்கிற மத்த ரெண்டு பேரையும் நான் பிடிக்கிறேன், ஒருத்தன் கோல்ஃப் ஆடப் போயிருக்கான். நீங்க வரையுங்க."

உனைசி போனை வைத்தாள். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. மௌஸை எடுத்து, ஸ்டோர் ரூம் சுவரைப் பிடித்து நகர்த்தத் தொடங்கினாள்.