அப்பாதுரை கணக்கில் அன்னதானம்

போன தேர்தலிலிருந்தே பந்தல்காரன் முருகவேல் கறுவிக்கொண்டிருந்தான். வேட்பாளர் அப்பாதுரை கேட்டுத்தான் அவன் பிரசாரப் பந்தல் போட்டான். இது யார் செலவு என்று தேர்தல் பறக்கும் படை கேட்டபோது, "யாரோ அபிமானத்துல போட்டதுங்க, எனக்குத் தெரியாது" என்று கைகழுவிவிட்டார் அப்பாதுரை. வழக்கு முருகவேல் மேல் விழுந்தது. கோர்ட்டுக்கு அலைந்ததில் பந்தல் சாமானெல்லாம் விலைக்குப் போயிற்று.

இந்தத் தேர்தலுக்கு விதியைத் திருத்தியிருந்தார்கள். யார் செலவு செய்தாலும் வேட்பாளர் படம் இருந்தால் அது அவர் கணக்கு. வரம்பு தாண்டினால் ஜெயித்தாலும் பதவி நிலைக்காது. அப்படித் திருத்தச் சொல்லி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தவர்களில் முருகவேலும் ஒருவன்.

பௌர்ணமி மாலை. கிரிவலப் பாதையில் அப்பாதுரையின் அன்னதானப் பந்தல். முகப்பில் அவர் படமும் சின்னமும். பறக்கும் படை வண்டி தெரிந்தால் வெள்ளைத் துணி இறங்கி மூடிக்கொள்ளும், போனதும் மேலேறும். கயிறு எந்தக் காலில் கட்டியிருக்கும் என்பது பந்தல்காரனுக்குத் தெரியாதா?

அதிகாரி வேதா ஜீப்பிலிருந்து இறங்கினார். துணியும் இறங்கியது. கூட்டத்தோடு நின்றிருந்த முருகவேல் கயிற்றை வெடுக்கென்று இழுத்தான்; துணி மேலேறியது. படத்தில் அப்பாதுரை பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"டேய், உன்ன யார்ரா கூப்ட்டது?" என்று ஓடிவந்தார் அப்பாதுரை.

"யாரும் கூப்டலீங்க. அபிமானம்."

"இது உங்க கணக்குலதாங்க ஏறும்," என்றார் வேதா. "அண்டாவ சீல் வைங்கப்பா."

வரிசையில் வெறுங்காலோடு, கைக்குழந்தையோடு நின்றவளின் முகம் வாடியது. அதைப் பார்த்ததும் முருகவேலுக்கு வாய் கசந்தது.

"மேடம், ஜனங்க சாப்பிடட்டுங்க. எத்தினி தட்டு போவுதோ அத்தினியும் அவர் கணக்குல எழுதிக்கங்க."

சாமி கும்பிட வந்தவர்களைப் பசியோடு அனுப்ப வேதாவுக்கும் மனசில்லை. "சரி, வீடியோ ஓடட்டும்."

முருகவேல் கரண்டியை எடுத்தான். "அக்கா, கொழந்தைக்கும் ஒரு தட்டு வாங்கிக்கங்க. கம்மியா வாங்காதீங்க, அண்ணன் செலவு!"

பக்தர்கள் முன்னால் அன்னதானத்தை நிறுத்தச் சொல்ல எந்த வேட்பாளருக்குத் தைரியம் வரும்? செலவுக் கணக்கு ஏற்கெனவே வரம்பை ஒட்டி நின்றதால் அப்பாதுரைக்கு வேர்த்துக் கொட்டியது. "மெதுவா போடுடா," என்று காதருகே கெஞ்சினார்.

"பசிக்கு மெதுவா போட வராதுங்க."

சாப்பிட்டு முடித்தவள், "நல்லா இருப்பா," என்றாள்.

"அவர வாழ்த்துங்கக்கா."

அவள் மனசாரக் கும்பிட்டாள். வீடியோ ஓடியதால் அப்பாதுரையும் கும்பிட வேண்டியதாயிற்று.

"வரம்பு தாண்டிடுச்சு மேடம்," என்றார் தட்டுக் கணக்கு எழுதியவர். அப்பாதுரை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முருகவேல் அவரை ஒருமுறை ஆசைதீரப் பார்த்தான். வரிசை இன்னும் நீண்டிருந்தது. அடுத்த தட்டை நிறைத்தான்.