மூலையில் ஒரு புதர்

தன் பெயரைத் தானே மறைக்க ஒரு மனிதர் தலைவாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெயிண்ட் டப்பாவோடு கிளம்பினார் என்றால், அவர் அந்தத் தெருவின் போர்டுக்காரராகத்தான் இருக்க முடியும்.

கடைப் பலகை எழுதுவது அவர் பிழைப்பு. ஆனால் இருபத்தேழு வயதில் ஊர் நாடகக் கொட்டகைக்கு ஒரு திரை வரைந்திருந்தார். காடு, நடுவே ஆறு, ஆற்றோரம் ஒரு மான். மானின் பின்னங்கால் கொஞ்சம் கழுதைக்கால் மாதிரி இருக்கும். அதைச் சொன்னவர்களோடு ஆறு மாதம் பேசமாட்டார். வலது கீழ்மூலையில் தன் பெயரை முழ நீளத்துக்கு எழுதியிருந்தார். முப்பத்தைந்து வருஷமாக ராஜா செத்தாலும் ராணி அழுதாலும் சனங்கள் அந்தப் பெயரையும் சேர்த்தே பார்த்தார்கள்.

கொட்டகைக் கூரை ஒழுக ஆரம்பித்தபோது, கிராமத்துக் கலைப் பொருள்களைப் பாதுகாக்க மானியம் கொடுக்கிறார்கள் என்ற சேதியோடு செயலாளர் வந்தார். கொட்டகைக்குத் தலைவர், செயலாளர், வாட்ச்மேன் எல்லாம் அவரே. திரைக்கு மானியம் கிடைத்தால் அதைக் காக்கும் கூரைக்கும் கிடைக்கும். ஒரே நிபந்தனை, பொருளுக்கு எண்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். கொட்டகைப் பக்கம் அந்த வயதில் இருந்தது செயலாளரின் மாமனார் மட்டுந்தான். ஆனால் ஒழுகலில் நனைந்து நனைந்து திரைக்கும் நல்ல கிழட்டுக் களை வந்திருந்தது.

"அண்ணே, யாரு வரைஞ்சதுன்னு தெரியலன்னு எழுதிட்டேன்."

"நான் வரைஞ்சது உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஃபாரத்துக்குத் தெரியக்கூடாது. வரைஞ்ச ஆளு டீக்கடையில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தா எவன் மானியம் குடுப்பான்?"

"அதுக்காக என்னைச் சாகச் சொல்றியா?"

"சேச்சே. பேரு மேல ஒரு புதர் வரைங்க, போதும். கூரை போட்டதும் புதரை எடுத்துட்டு, பேரை இன்னும் பெருசாவே எழுதிக்குங்க."

வீட்டில் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "பெத்த பிள்ளைய யாரு பிள்ளையோன்னு சொல்லிட்டு வரப்போறீங்க. போயிட்டு வாங்க."

போனவர் ஒரு காரியம் செய்தார். திரை பசை கலந்த பொடிச்சாயத்தில் வரைந்தது, தண்ணீர் பட்டாலே கலங்கும். புதரைச் சுரண்டும்போது பெயருக்குச் சேதம் வரக்கூடாதே என்று, பெயரின் மேல் முதலில் வார்னிஷ் அடித்துக் காயவிட்டார். அதன்மேல்தான் புதர். கடைப் பலகைக்கு அப்படித்தான் செய்வார்.

பார்வையிட நகரத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பூதக்கண்ணாடியால் மானை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, "இந்தப் பின்னங்காலப் பாருங்க. அந்தக் காலத்துக் கை. இப்ப இருக்கறவங்களுக்கு வராது," என்றார். டீத்தட்டோடு நின்ற போர்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் காலைப் பாராட்டிய முதல் ஆள். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் தெருவின் காதைக் குடைந்தார்.

மானியம் வந்தது. பாதிக் கூரை ஏறியதும் திரையைச் சுத்தம் செய்ய அந்த அம்மாளே ஆட்களோடு வந்தார். முதல் தடவை மானோடு நின்றுவிட்டவர், இந்தத் தடவை மூலையையும் பார்த்தார்; புதர் புதுசு என்று உடனே கண்டுபிடித்து, எடுக்கச் சொன்னார். கீழே வார்னிஷுக்குள் பளபளவென்று பெயர்.

"யாரு இது?"

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் போர்டுக்காரரைப் பார்த்தார்கள்.

"இவருதாங்க. கடை போர்டு எழுதறவரு," என்றார் செயலாளர்.

"திரையில எங்கயும் வார்னிஷ் இல்ல. இந்தப் பேருக்கு மட்டும் இருக்கு. பழைய திரையில தன் பேரை எழுதி, வார்னிஷும் போட்டு, அப்புறம் பயந்து மறைச்சிருக்காரு."

"அம்மா, நான் வரைஞ்சதும்மா."

"புதரா?"

"திரை முழுக்க."

அந்த அம்மாள் கோபப்படவில்லை, பாவப்பட்டார். செயலாளர் பக்கம் திரும்பி, "அப்படியாங்க?" என்றார்.

செயலாளர் அண்ணாந்து பார்த்தார். மேலே பாதி கூரை, பாதி வானம். "இவருக்கு ஆர்வம் கொஞ்சம் ஜாஸ்திங்க," என்றார்.

மற்றவர்களும் கூரையையே அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பஞ்சால் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் எழுத்தாக எடுத்தார்கள். கடைசி எழுத்துவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போர்டுக்காரர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் செயலாளர் ஒரு மன்னிப்புக் கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டால்தான் மீதிப் பணம் வருமாம். வாசலில் பாதித் தெரு நின்றது. போர்டுக்காரர் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். மனைவி பேனாவை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

புதுக் கூரையின்கீழ் முதல் நாடகத்துக்கு அவர்கள் இருவரைத் தவிரத் தெருவே போய்வந்தது. மறுநாள் காலையில் டீக்கடைக்காரர் அவரிடம் கிளாஸை நீட்டியபடி, "என்னா மாதிரி வரைஞ்சிருக்கான்ணே எவனோ. அந்தக் காலத்து ஆளுங்க ஆளுங்கதான்," என்றார்.

திரை வரைந்த அந்தப் பத்து நாளும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இதே டீக்கடைக்காரர். கேலி செய்கிறாரோ என்று போர்டுக்காரர் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

கேலி செய்யவில்லை.