சார்ந்திருப்போர் இல்லை

குடியேற்ற அதிகாரி தொலைபேசியின் ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கும் தனக்கும் நடுவில் அதை மேசைமேல் நகர்த்தி வைத்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் தமிழில் வணக்கம் சொன்னது. தான் மொழிபெயர்ப்பாளர் என்றும், அதிகாரி சொல்வதை அவளுக்கும் அவள் சொல்வதை அதிகாரிக்கும் அப்படியே சொல்லலாமே தவிர, சொந்தமாக ஒரு வார்த்தைகூடப் பேசத் தனக்கு அனுமதி இல்லை என்றும் சொன்னது. அரசு அலுவலகத்துக்குள் அவள் தமிழைக் கேட்பது இந்த நாட்டுக்கு வந்தபிறகு அதுதான் முதல் தடவை. பாதி வேலை முடிந்துவிட்டதுபோல இருந்தது. மடியில் வைத்திருந்த பையில் மகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஊரில் மகளை வளர்க்கும் தன் அக்கா எழுதிக் கொடுத்த சம்மதம் எல்லாம் இருந்தன. எதைக் கேட்டாலும் சட்டென்று எடுத்து நீட்டப் பையின் வாயைத் திறந்தே வைத்திருந்தாள். அதிகாரி எதையும் கேட்கவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினார், குரல் தமிழில் சொன்னது.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கான்னு கேக்கறாங்க."

"ஒரே பொண்ணுங்க. அவளை இங்க கூட்டிக்கத்தானே எழுதிப் போட்டிருக்கேன்."

"வேலைக்கு வந்ததுலேருந்து வருஷா வருஷம் வரிக் கணக்கு ஒழுங்கா காட்டியிருக்கீங்களாம். எல்லாத்துலயும் உங்களைச் சார்ந்து யாரும் இல்லைன்னு இருக்காம். கீழே உங்க கையெழுத்தும் இருக்காம்."

வரிக்கும் மகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. வரிக் கணக்கு என்பது வேலை அனுமதிக்காகச் செய்வது. தாக்கல் செய்யாத வெளிநாட்டுக்காரர்களை அடுத்த வருடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரும், கணக்குக் காட்டும் மாதம் தொடங்கியதுமே விடுதியில் டீச்சரின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். டீச்சர் டீச்சராக இருந்தவள் அல்ல. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாக இருந்தவள். கண்ணாடி போட்டிருந்தாள், கைப்பேசியில் வேகமாகத் தட்டத் தெரிந்திருந்தது, அந்தப் பெயருக்கு அது போதுமானதாக இருந்தது. வேறு நாட்டில் வருமானம் உண்டா, வீடு உண்டா, நிலம் உண்டா, சார்ந்திருப்போர் உண்டா என்று கேள்விகள் இறங்கிக்கொண்டே போகும். டீச்சர் எல்லாவற்றுக்கும் 'இல்லை'யில் விரலை வைப்பாள். "ஆமான்னு ஒண்ணு போட்டோம்னா, அதுக்கு வால் மாதிரி நாலு கேள்வி வரும், நாலு காகிதம் கேப்பான். நமக்கு எதுக்குடி வம்பு? இல்லைன்னா இல்லை. அதோட ஆளை விட்டுருவான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். "புருஷன் கேட்டாக்கூட இல்லைன்னே போடு டீச்சர், இருந்து என்னத்தைக் கிழிச்சான்" என்று யாராவது சொல்வார்கள். கையெழுத்துக்கான கட்டம் வந்ததும் கைப்பேசியை நீட்டுவாள். இவளும் விரலால் திரையின்மேல் தன் பெயரைக் கோணலாகக் கிறுக்கிக் கொடுப்பாள். வேலை முடிந்தது என்ற நிம்மதியில் அன்று நன்றாகத் தூக்கம் வரும்.

"தெரியாமப் போட்டதுங்க. எல்லாரும் அப்படித்தான் போட்டோம்" என்றாள்.

குரல் அதை அந்த மொழியில் சொன்னது. அதிகாரி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபக்காரர் அல்ல. நிஜமாகவே புரிந்துகொள்ள விரும்புகிறவரைப்போலக் கேட்டார்.

"பிள்ளை இருக்குன்னு காட்டியிருந்தா உங்க வரி குறைஞ்சிருக்குமாம். இருக்கிற பிள்ளையை மறைச்சு யாராவது கூடுதலா வரி கட்டுவாங்களான்னு கேக்கறாங்க. இல்லாத பிள்ளையைக் காட்டறவங்களைத்தான் அவங்க பார்த்திருக்காங்களாம்."

அவள் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள். அதிகாரி அதைத் தொடாமல் எட்டிப் பார்த்து, தலையாட்டினார். பழைய கணக்குகளில் பிள்ளை இல்லை என்று இருக்கும்வரை பெண்ணை அழைக்க அனுமதி தர முடியாது, அவற்றைத் திருத்தித் தர மனுப் போடலாம், அதை விசாரித்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அடுத்த மாதம் பெண்ணுக்குப் பதினெட்டு முடிகிறது, அதன்பிறகு பிள்ளை என்ற வகையில் அழைத்துவர முடியாது. குரல் இவற்றை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னது. கடைசியில், "அவ்வளவுதாங்க" என்றது. அந்த வார்த்தையை அதிகாரி சொல்லியிருக்கவில்லை.

மத்தியானம் அவள் வேலைக்குப் போனாள். வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுந்துகொண்டிருந்தன. மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். எதிர்முனையில் டீச்சர் நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். இவள் சொன்னாள். இயந்திரச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும், ஆனால் டீச்சரின் கை நின்றுவிட்டது. பின்னால் வேலை குவிந்ததும் மறுபடி உதறினாள். ஒவ்வொரு விரிப்புக்கும் முகத்துக்கு முகம் வரவேண்டியிருந்தது. இவள் அவளுடைய விரல்களை மட்டும் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. எந்த விரிப்பில் சொல்வது என்று தெரியவில்லை. எத்தனையோ விரிப்புகளுக்குப் பிறகு டீச்சர்தான் பேசினாள்.

"எனக்கும் ரெண்டு பசங்கடி. அவனுங்களுக்கும் இந்தக் கையாலதான் இல்லைன்னு போட்டேன்."

இவள் விரிப்பின் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் மகள் அழைத்தாள். திரையில் முகம் தெரியவில்லை, ஏதோ துணி அசைந்தது.

"போனியா? என்ன கேட்டாங்க?"

"உன்னைப் பத்தித்தான் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நீ இருக்கேன்னு சொன்னேன்."

"அதைக் கேக்கவா அவ்வளவு தூரம் வரச்சொன்னாங்க? நல்ல ஆளுங்கம்மா" என்று மகள் சிரித்தாள். "சரி, நான் வரலாம்னு சொல்லிட்டாங்களா இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"இரு இரு, அதுக்கு முன்னாடி இதைப் பாரு" என்று மகள் கைப்பேசியை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். கழுத்துவரை ஜிப் போட்ட தடித்த குளிர்கோட்டு ஒன்றை அணிந்திருந்தாள். கை விரல் நுனிவரை மூடியிருந்தது. விலைச்சீட்டு இன்னும் அக்குளில் தொங்கியது. "அங்க குளிருமேன்னு பெரியம்மா வாங்கித் தந்தாங்க. காலைலேருந்து போட்டுப் பழகறேன். ஃபேனைக்கூட நிறுத்திட்டேன்." முதுகுப்பக்கம் தெரிய மெல்லத் திரும்பினாள். மறுபடி முன்னால் வந்தபோது நெற்றியிலிருந்து வியர்வை வடிந்து இமையில் நின்றது. துடைக்கக் கையை உயர்த்தினாள். கோட்டின் நீளமான கையைத் தாண்டி விரல்கள் வெளியே வரவில்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, அம்மா பார்த்து முடிக்கட்டும் என்று, அசையாமல் நின்றாள்.