விசுவலிங்கம் ஐயா வரைந்த கடிகாரம்

சோமுவுக்கு இளகிய மனசு என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். அந்த மனசைத் தூக்கி உடைப்பில்தான் போடவேண்டும்.

எண்பத்தேழில், வயதானவர்களின் மறதி நோயைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகளில் எது மேல் என்று பார்க்க, கோலாலம்பூர் டாக்டர் சேது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரான சோமுவிடம் தாள்களைக் கொடுத்துப் போனார். ஒன்றில் வயசு, வருஷம், மாதம் என்று பத்துக் கேள்வி. மற்றதில் வெறும் வட்டம். அதற்குள் கடிகாரம் வரைய வேண்டும்.

தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக, பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற விசுவலிங்கத்தை மகள் வாகீஸ்வரி கூட்டிவந்தாள். சோமுவுக்கு இந்த வேலை கிடைத்ததே அவருடைய சிபாரிசுக் கடிதத்தால்தான். பத்துக் கேள்விக்கும் மனிதர் டாண் டாண் என்று பதில் சொன்னார். கடிகாரத்தில்தான் கவிழ்ந்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்துப் பெயர் எழுதுகிற மாதிரி, ஒன்றின்கீழ் ஒன்றாக அழகாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டார்.

"சரியோ சோமு?"

"சரிதாங்கய்யா."

முன்னூறு பேர் பெயரைப் புத்தகம் பார்க்காமல் ஒப்பித்த மனிதருக்குச் சைபர் போடக் கை வருமா? சோமுவுக்கு வரவில்லை. வேறு தாளில் தானே கடிகாரம் வரைந்து டாக்டருக்கு அனுப்பினான். அசலை மேசைக்குள் போட்டுக்கொண்டான்.

அன்று வாசலில் வாகீஸ்வரி கேட்டாள்: "அப்பாவின்ரை மோட்டார் சைக்கிள் சாவியை ஒளிச்சு வச்சிருக்கிறன். குடுக்கலாமோ?"

"ஐயாவுக்கு ஒன்னுமில்லம்மா. குடுங்கலா."

மூன்றாம் வாரம் டாக்டரின் கடிதம் வந்தது. கேள்வியில் தேறிய எல்லாரும் கடிகாரத்திலும் தேறியிருக்கிறார்களாம். இனி மற்றத் தோட்டங்களுக்குப் பத்துக் கேள்வியே போதுமாம். சோமு தாளும் பேனாவும் எடுத்தான். உண்மையை எழுத நினைத்தான், எழுதவில்லை.

அந்த வாரமே ஒரு விடியற்காலை, பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று விசுவலிங்கம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தஞ்சோங் காராங் பக்கம், வயல் வாய்க்காலில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள்.

எட்டாம் நாள் வாகீஸ்வரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"அப்பா கடைசியா எழுதினது அந்தத் தாள்தான். உங்களிட்டை இருக்கோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மேசையைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். அவள் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு எண்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா," என்றான் சோமு.